ஆதிலட்சுமிக்குப் போற சாப்பாடு

“அது எனக்கெப்படிங்க தெரியும்? வீட்டுக்குப் போய்க் கேட்டாத்தான் தெரியும்”னு தணிகாசலம் சொன்னாரு, சொல்லிட்டு இலையில மிச்சமிருந்த மோர் சோத்தை வழிச்சு வாயில போட்டுக்கிட்டாரு.

பருப்புப் பொடி எப்படி இருக்குன்னு கேட்டவரு கோட்டேஸ்வர ராவ், நெல்லூர்ப் பக்கத்துக்காரர், பாரிஸ் கார்னர்ல ஒரு கட்டடத்து ரெண்டாவது மாடியில மெஸ் ஆரம்பிச்சு ஒரு வாரம்தான் ஆகுது, அதனால ஊர் விஷயம் எதுவும் தெரியாது. பக்கத்து நாற்காலியில சாப்பிட்டுக்கினு இருந்த கோர்ட்டு குமாஸ்தா ஒருத்தர்தான் அப்பளத்தை உடைச்சுக்கிட்டே விளக்கிச் சொன்னாரு: “சார் சாப்பிடறது அவரு சம்சாரத்துக்கு. ருசி, வயிறு நிறையறது, ஏப்பம் எல்லாம் அங்க போயிடும். இவருக்கு மெல்ற வேலை மட்டும்தான். நாளைக்கு வந்து சொல்லுவாரு, பொறுத்துக்குங்க.” ராவ் அஞ்சு நொடி யோசிச்சாரு, அப்புறம் உள்ள போய் நெய்க் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு வந்து, “அம்மாவுக்கு நெய் ஒத்துக்குமா?”ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். மெட்ராஸ்ல கடை போட வர்றவங்க எதுக்கும் ரொம்ப நேரம் ஆச்சரியப்படறதில்ல, அதுக்கு வாடகை கட்டுபடியாகாது.

தணிகாசலம் தம்புச் செட்டித் தெருவுல ஒரு பழைய கட்டடத்துல லிப்ட் ஆபரேட்டர். இரும்புக் கம்பிக் கதவு போட்ட லிப்ட்டு, உள்ள ஒரு முக்காலி, முக்காலி மேல அவரு, இருபத்தொன்பது வருஷமா மேல போறதும் கீழ வர்றதுமா இருந்தும் மூணாவது மாடியைத் தாண்டாத மனுஷன். கல்மண்டபம் பக்கத்துல ஒரு சந்துல குடித்தனம். சம்சாரம் ஆதிலட்சுமி, புள்ளகுட்டி இல்ல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவரு ஹோட்டல்ல கை நனைச்சதில்ல, அந்தம்மா ஹோட்டலுக்குள்ள கால் வச்சதே இல்ல. காலையில கேரியர் போகும், ஒன்றரை மணிக்கு அவரு முக்காலியில உக்காந்து சாப்பிட்டிருப்பாருன்னு கடிகாரத்தைப் பாத்துட்டுத்தான் இங்க அந்தம்மா தட்டை எடுப்பாங்க. ராத்திரியில எதிர்ல உக்காந்து பரிமாறுவாங்க, அவரு எழுந்திரிச்ச பிறகு சட்டியில என்ன இருக்குதோ அது அந்தம்மாவுக்கு. சில நாள் சட்டியில ஒண்ணும் இருக்காது. “நீ சாப்ட்டியா?”ன்னு இவரு கை துடைச்சுக்கிட்டே கேப்பாரு. “நீங்க சாப்ட்டா நான் சாப்ட்ட மாதிரிதாங்க”ன்னு அந்தம்மா சொல்லிட்டு சட்டியைக் கழுவப் போயிடுவாங்க. ஊர்ல எல்லா வீட்டுலயும் சொல்ற வார்த்தைதான். இவரும் மத்த ஆம்பளைங்க மாதிரியே அதைக் கேட்டுட்டுப் போய்ப் படுத்துக்குவாரு.

தை மாசம் அந்தம்மாவுக்குச் சோறு இறங்கல. மார்கழியிலயே இறங்கல, சொல்லல. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பாத்துட்டு, உணவுக்குழாய்ல கட்டி வந்து அடைச்சிருக்கு, வெட்டி எடுக்கற நிலைமை தாண்டிடுச்சு, இனிமே வாய் வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லி, கட்டில் தலைமாட்டுல ஒரு அட்டையைத் தொங்க விட்டாங்க. ஷைலஜான்னு ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பேசறவங்க, தணிகாசலத்தைத் தனியா கூப்பிட்டு, “ரெண்டு மாசம்னு வச்சுக்குங்க”ன்னாங்க. இவரு சரிங்கம்மான்னுட்டு வெளில வந்தாரு. வாசல்ல தள்ளுவண்டியில இட்லியும் வடகறியும் இருந்துச்சு. முந்தின நாள் காலையிலேர்ந்து சாப்பிடலங்கறது அப்பத்தான் ஞாபகம் வந்து, நின்னுக்கிட்டே நாலு இட்லி சாப்பிட்டாரு. பசி அப்படியே இருந்துச்சு. இன்னும் ரெண்டு சாப்பிட்டாரு, அப்பவும் அப்படியே. மேல வார்டுக்குப் போனா அந்தம்மா எழுந்து உக்காந்துக்கினு, முந்தானையால வாயைத் துடைச்சுக்கிட்டு, “வடகறியில சோம்பு தூக்கலா போட்டுட்டான், இல்லைங்க?”ன்னாங்க.

தணிகாசலம், “ஆமாவா? எனக்குத் தெரியல”ன்னாரு.

டாக்டரம்மா மூணு நாள் வச்சுப் பாத்தாங்க. இவரைக் கேன்டீன்ல உக்கார வச்சு பொங்கல் வாங்கிக் குடுத்து, மேல வார்டுல நர்ஸ் கடிகாரத்தோட அந்தம்மா பக்கத்துல நின்னுச்சு. எத்தனை மிளகு பல்லுல கடிபட்டுச்சுன்னு வரைக்கும் அந்தம்மா சொன்னாங்க. பெரிய டாக்டரு வந்தாரு, ரெண்டு பேரு வயித்தையும் அமுக்கிப் பாத்தாரு, இதுக்குன்னு ஃபாரத்துல கட்டம் இல்லியேன்னு வருத்தப்பட்டாரு. கடைசியில ஷைலஜாம்மாவே சீட்டுல எழுதிக் குடுத்தாங்க: ‘நோயாளி, வாய் வழியாக எதுவும் கூடாது. கணவர், காரம் குறைக்கவும், எண்ணெய்ப் பலகாரம் வாரம் ஒருமுறை.’ மூக்குல இருந்த குழாயைக் கழட்டி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

சந்துல இதை யாரும் அதிசயம்னு சொல்லல. பக்கத்து வீட்டு ரோஸ்லின், நைட்டி தைச்சுக் கடைக்குக் குடுக்கற பொம்பள, தணிகாசலம் வேலைக்குப் போற நேரத்துல அந்தம்மாவைப் பாத்துக்கிட்டவங்க, “சொல்லிச் சொல்லி பலிச்சிடுச்சு, வேற இன்னா”ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. காரணம் அதோட தீந்துச்சு. அதுக்கப்புறம் சந்துக்கு வேற கவலைங்க இருந்துச்சு. அந்தம்மா வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டாங்க, அன்னிக்கு இவரு மீன் தின்னா பாவம் யாருக்கு? அங்காளம்மன் கோயில் பூசாரி, மென்ன பல்லு யாருதோ பாவம் அவருதுன்னாரு. ரோஸ்லின் சர்ச்சுல கேட்டுட்டு வந்து, “ஃபாதர் யோசிக்கிறாரு, இன்னும் யோசிச்சுக்கினுதான் கீறாரு”ன்னாங்க. ரேஷன் கடையில அட்டையை வாங்கிப் பாத்தவரு, வீட்ல சாப்பிடறது ஒருத்தரா ரெண்டு பேரான்னு கேட்டாரு. தணிகாசலம் யோசிச்சு, “சாப்பிடறது ஒருத்தருங்க, பசிக்கிறது ஒருத்தருங்க”ன்னு உண்மையைச் சொன்னாரு. அரிசி பழையபடியே கிடைச்சுச்சு.

மொதல்ல அவரே கஞ்சி வச்சு, ரசம் வச்சு, வீட்லயே சாப்பிட்டுப் பாத்தாரு. மூணாம் நாளு அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. “உங்க ரசத்துல சாவறதுக்கு நான் ஆஸ்பத்திரியிலேயே செத்திருப்பேங்க. போய் வெளில சாப்பிடுங்க.” அப்படித்தான் அறுபது வயசை நெருங்குற மனுஷன் ஒருத்தரு மெட்ராஸ்ல ஹோட்டல் ஹோட்டலா ஏறி எறங்க ஆரம்பிச்சாரு. லிப்ட்டுக்காரர் சம்பளத்துல ஊரைச் சுத்திச் சாப்பிடறதுக்குன்னு அவரே சில சட்டம் வச்சுக்கிட்டாரு. நாற்காலிக்கு மெத்தை போட்டிருந்தா உள்ள போறதில்ல, அந்த மெத்தைக்கும் நாமதான் காசு குடுக்கணும். மெனு அட்டையைக் கையில குடுத்தா எழுந்து வந்துடறது. சுவத்துல எழுதிப் போட்ட கடை நல்லது, எழுதாம வாயால சொல்ற கடை அதைவிட நல்லது. மூட்டை தூக்கறவங்க, ஆட்டோக்காரங்க, கோர்ட்டு வாசல்ல டைப் அடிக்கிறவங்க எங்க நிக்கறாங்களோ அங்க போய் நின்னா வயிறு கெடாது, பையும் கெடாது. முழுச் சாப்பாடு வாங்கறதவிட அரை பிளேட்டு ரெண்டு கடையில வாங்கறது புத்தி, அந்தம்மாவுக்கு ரெண்டு ஊரு பாத்த மாதிரி.

ஊருங்கதான் அது. பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மாவுலேர்ந்து வந்த குடும்பத்து வண்டியில அத்தோ சாப்பிட்டுட்டு வந்தா, அந்தம்மா கண்ணை மூடிக்கிட்டு, “சேமியாவைப் புளித்தண்ணியில கையால பிசைஞ்ச மாதிரி இருந்துச்சுங்க, நடுவுல மொறுக்கு மொறுக்குன்னு எதுவோ உடைஞ்சுது பாருங்க, அது இன்னா?”ன்னு கேப்பாங்க. “வறுத்த வெங்காயம்”பாரு இவரு, கண்ணால பாத்ததை வச்சு. சௌகார்பேட்டை கச்சோரியும், திருவல்லிக்கேணி மலையாளி கடைப் புட்டும் கடலையும், மண்ணடியில மதியம் ரெண்டு மணிக்குள்ள தீந்து போற பிரியாணியும், சென்ட்ரலுக்குப் பின்னாடி பீகார்க்காரர் கோதுமை மாவை உருட்டித் தணல்ல சுட்டுப் போடுற லிட்டியும் ஒவ்வொண்ணா அந்தக் கட்டிலுக்கு வந்து சேந்துச்சு. லிட்டியைப் பத்தி அந்தம்மா சொன்னது சந்துல ரொம்ப நாள் பேசப்பட்டுச்சு: “ஊரை விட்டு வந்து ஊரையே நினைச்சுக்கினு சுட்டிருக்கான் அந்தப் புள்ள. தொண்டையில துக்கமா எறங்குச்சு.” மறுநாள் தணிகாசலம் அதைத் தெரிஞ்ச இந்தியில அந்தப் பீகார்க்காரர்கிட்ட சொன்னாரு. அவரு அடுப்பைப் பாத்துக்கிட்டே இருந்துட்டு காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. ஒரு நாளைக்குத்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சந்துப் பொம்பளைங்க கட்டிலைச் சுத்தி உக்காந்துடுவாங்க, அன்னிக்குச் சாப்பிட்டதைக் கேக்க. ராயபுரம் பாலத்தைத் தாண்டாத ஆதிலட்சுமி, பட்டினத்தை வாயால தெருத்தெருவா சுத்திக் காட்டினாங்க. ரோஸ்லின் அடிபம்பு பக்கத்துச் சுவத்துல ஒரு சிலேட்டை மாட்டி, காலையில அந்தம்மா எதுக்கு ஆசைப்பட்டாங்க, இவரு எங்க போறாருன்னு எழுதிப் போட்டாங்க. தண்ணி பிடிக்க வர்றவங்க அதைப் பாத்துட்டு, “இன்னா இன்னிக்கும் அத்தோவா, அந்தம்மாவுக்குச் சளி பிடிக்கப் போவுது”ன்னு திட்டிட்டுப் போவாங்க. கடைக்காரங்களும் பழகிட்டாங்க. பரோட்டா மாஸ்டருங்க தணிகாசலத்தைப் பாத்ததும் கையைத் துடைச்சுக்கிட்டு முன்னாடி வந்து, “அம்மா நேத்து இன்னா சொன்னாங்க?”ன்னு நின்னாங்க. “சால்னாவுல தேங்காய் பழசுன்னாங்க”ன்னு இவரு முகம் மாறாம சொல்லுவாரு, அவங்க தேங்காய்க் கடைக்காரரோட சண்டைக்குப் போவாங்க.

மத்த ஆம்பளைங்களுக்கும் ஆசை வந்துச்சு. காசிமேட்டுலேர்ந்து ஒரு மீன்காரர் வந்து, எங்கம்மா படுத்த படுக்கையா கீது, எங்கம்மாவுக்கும் ரெண்டு வாய் சாப்பிடுங்கன்னு கால்ல விழுந்தாரு. இவரு சாப்பிட்டாரு, அது ஆதிலட்சுமிக்குத்தான் போச்சு. அந்த மீன்காரர் தானே பன்னெண்டு பரோட்டா சாப்பிட்டுப் பாத்தாரு, செரிக்காம மூணு நாள் படுத்தாரு, அம்மாவுக்கு ஒரு விள்ளல் போகல. சந்துல ஒவ்வொருத்தனும் பொண்டாட்டியை எதிர்ல உக்கார வச்சுச் சாப்பிட்டுப் பாத்து, “வந்துச்சா?”ன்னு கேட்டான். “வரல”ன்னு சொல்லிட்டு சிரிச்ச பொம்பளைங்க இருந்தாங்க. சிரிக்காம எழுந்து போனவங்களும் இருந்தாங்க. அப்புறம் ரெண்டு வாரத்துக்கு அந்தச் சந்துல பல வீட்டுல பொம்பளைங்களுக்கு மொதல்ல சோறு போட்டாங்க. ரெண்டு வாரம்தான், அப்புறம் மறந்துட்டாங்க.

தணிகாசலத்தோட பசியைப் பத்தி யாரும் கேக்கல, அவரும் சொல்லல. ரெண்டு மாசம்னு சொன்ன இடத்துல அஞ்சு மாசம் ஆயி, அந்தம்மா கன்னம் வச்சு, வளையல் இறுகி உக்காந்திருந்தாங்க. இவருக்கு பெல்ட்டுல ஓட்டை போட இடம் தீந்துச்சு. கூடுதலா சாப்பிட்டா அது அந்தம்மாவுக்குப் போய் நெஞ்சைக் கரிக்கும், அதனால அதுக்கும் வழியில்ல. லிப்ட்டுல ஆறு பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு பலகை இருந்துச்சு, கட்டடத்து ஆளுங்க, “தணிகாசலம் உள்ள இருந்தா ஏழு பேரு ஏறலாம்பா”ன்னு ஏறினாங்க. அவரும், “ஏறுங்க, நான் காத்துக்கு வந்தவன்”ன்னாரு. ஊசி வழியா போறது மட்டும் அவருகிட்டயே தங்குதுன்னு ஷைலஜாம்மா கண்டுபிடிச்சு, சனிக்கிழமை சனிக்கிழமை குளுக்கோஸ் ஏத்தினாங்க. வாயால சாப்பிட முடிஞ்ச மனுஷன் பாட்டிலைப் பாத்துக்கிட்டுப் படுத்திருப்பாரு.

ஆடி மாசம் டாக்டரம்மா கண்ணாடியைத் துடைக்காமலே பேசினாங்க. “சார், ரெண்டு பேருல ஒருத்தரைத்தான் என்னால காப்பாத்த முடியும்னு நினைக்கிறேன். அதுவும் அவங்களை முழுசா இல்ல, கட்டி பெருசாயிக்கினே போவுது. நீங்க சாப்பிடறதை நிறுத்திட்டு ஊசியில இருந்துட்டீங்கன்னா…”

“நிறுத்தினா அவங்க எத்தனை நாளு?”

“ஒரு வாரம், பத்து நாளு.”

“நிறுத்தலன்னா நானு?”

“ரெண்டு மாசம் தாங்கினா பெருசு.”

“அப்ப ரெண்டு மாசம் இருக்குதே, இன்னும் நிறைய கடை பாக்கி”ன்னு சொல்லிட்டு அவரு சட்டைக் கையை இறக்கி விட்டுக்கிட்டாரு.

இதைக் கட்டில் வரைக்கும் கொண்டு போனது யாருன்னு தெரியல, நர்ஸா இருக்கலாம், சந்துக்காரங்க யாராவது கதவுக்குப் பின்னாடி நின்னிருக்கலாம். மறுநாள் சாயங்காலம் ராவ் மெஸ்ல சாப்பிட்டுட்டு வந்த தணிகாசலம், கோங்குராக் கீரைத் துவையல் எப்படி இருந்துச்சுன்னு கேட்டதுக்கு, அந்தம்மா சுவத்தைப் பாத்துக்கிட்டு, “இன்னிக்கு ஒண்ணும் வரலைங்க”ன்னாங்க.

“வரலையா?”

“வரல. நின்னுடுச்சு போல.”

ரோஸ்லின் ஊசியில நூல் கோத்துக்கினே, “ஆமாண்ணே, மத்தியானத்துலேர்ந்து பசிக்குது பசிக்குதுன்னு அழுதுச்சு”ன்னாங்க. வாசல்ல நின்ன பொம்பளைங்கள்லாம் ஆமா ஆமான்னாங்க. சிலேட்டைக் கூட கழட்டி வச்சிருந்தாங்க. சந்து மொத்தமும் கூடிப் பேசி வச்சுக்கிட்ட பொய்யி. தணிகாசலம் முக்காலி இல்லாத இடத்துல உக்காரப் போனவரு மாதிரி தரையில உக்காந்துட்டாரு. ராத்திரி பூரா அந்தம்மா மூச்சை எண்ணிக்கினு கிடந்தாரு. விடிஞ்சதும் தெருமுனையில போய் ரெண்டு பூரி சாப்பிட்டாரு. சாப்பிட்டு முடிச்சு கையைக் கழுவிக்கிட்டு நின்னு தன் வயித்தைக் கவனிச்சாரு. பசி அப்படியே இருந்துச்சு, ஒரு பருக்கை குறையாத பசி. அந்தப் பசியைப் பாத்து அவருக்கு வந்த சந்தோஷம் வாழ்க்கையில வேற எதைப் பாத்தும் வரல. சந்துக்குத் திரும்பி வந்து, தண்ணி பிடிச்சுக்கினு இருந்தவங்க மத்தியில நின்னு, “பொய் சொல்றதுன்னா என் வயித்தைக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க”ன்னுட்டு, சிலேட்டை எடுத்து அவரே மாட்டினாரு.

உள்ள அந்தம்மா உக்காந்திருந்தாங்க.

“பூரியில எண்ணெய் சரியா வடியல”ன்னாங்க.

“ம்.”

“ஒரு வாய். ஒரே ஒரு வாய் உங்களுக்குன்னு நினைச்சுச் சாப்பிடக் கூடாதா?”

“நினைச்சுப் பாத்துட்டேன் ஆதி. அது நினைப்புல இல்ல.”

“அப்போ எதுல இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நான் போனாத்தான் உங்களுக்குப் பசி ஆறும்.”

தணிகாசலம் லிப்ட்டு மேல வர்ற வரைக்கும் காத்துக்கினு நிக்கிறவரு மாதிரி நின்னாரு. “இருபத்தொன்பது வருஷம் நான் சாப்ட்டு எழுந்திரிக்கிற வரைக்கும் நீ எதிர்ல உக்காந்துக்கினு இருந்த. நீ சாப்ட்டியான்னு கேட்டேன், நீ ஒண்ணு சொன்ன, நான் போய்ப் படுத்துக்கினேன். எத்தினி நாளு சட்டி காலியா இருந்துச்சு?”

“அதெல்லாம் யாரு எண்ணினா?”

“இந்த ஏழு மாசமா நான் எண்ணிக்கினு கீறேன். இன்னும் முடியல.”

அந்தம்மா கையை நீட்டினாங்க. இவரு அதைப் பிடிச்சாரு, சதை வச்ச சூடான கை. தன்னோட கை அதுல ஒரு காஞ்ச குச்சி மாதிரி கிடந்துச்சு. ரோஸ்லின் வெளில மிஷினை மிதிக்க ஆரம்பிச்சுட்டாங்க, சத்தம் உள்ள வராம இருக்கட்டும்னு கதவைச் சாத்திட்டு.

ஆவணி பொறந்துச்சு. அந்தம்மாவுக்கு வலி கூடிப் போச்சு, சாயங்காலப் பேச்சு குறைஞ்சு போச்சு, பொம்பளைங்க வந்து சும்மா உக்காந்துட்டுப் போனாங்க. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில ரோஸ்லின் பல்பமும் கையுமா வந்து, “அக்கா, இன்னிக்கு இன்னா?”ன்னு கேட்டாங்க.

“அவருக்கு எது பிடிக்குமோ அது”ன்னாங்க அந்தம்மா.

சட்டை மாட்டிக்கினு இருந்த தணிகாசலம் பட்டனைப் பிடிச்ச கையோட நின்னுட்டாரு. பல்பத்தோட ரோஸ்லின் நின்னாங்க, வாசல்ல குடத்தோட ரெண்டு பேரு நின்னாங்க. அவருக்கு எது பிடிக்கும்னு இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்ல. போட்டதைச் சாப்பிட்டாரு, அது பிடிச்சிருந்துச்சு. அப்புறம் மெதுவா, தப்பு பண்ணினவரு மாதிரி, “கருவாட்டுக் குழம்பு”ன்னாரு.

“ஐய, எனக்கு அந்த நாத்தமே ஆகாதே!”ன்னாங்க அந்தம்மா.

“தெரியும். அதான் கேட்டதில்ல.”

அந்தம்மா சிரிச்சாங்க, சிரிச்சது வலிச்சுச்சு, வயித்தைப் பிடிச்சுக்கினு சிரிச்சாங்க. “இம்மா வருஷம் மனசுல வச்சுக்கினே இருந்தீங்களா? போங்க. போய்ச் சாப்பிடுங்க. நான் மூக்கைப் பிடிச்சுக்கறேன்.”

மண்ணடியில ராம்நாட்டுக்காரங்க நடத்துற மாடி மெஸ்ஸு, குறுகலான படி, மேல போனா ஆறு மேசை, சுவத்துல எதுவும் எழுதல. செவ்வாயும் சனியும் நெய்மீன் கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு, முந்தின நாளே வச்சு ஆற விட்டு மறுநாள் சுட வச்சுக் குடுக்கறது. ஒன்றரை மணிக்குத் தணிகாசலம் ஜன்னலோரமா உக்காந்தாரு. இலையைப் போட்டு, தண்ணி தெளிச்சு, சோத்தைக் கொட்டி, நடுவுல குழி பறிச்சு, குழம்பை ஊத்தினாங்க. மன்னிச்சுக்க ஆதின்னு மனசுல சொல்லிட்டு மொத வாய் வச்சாரு. எப்பவும் போல, சூடு தெரிஞ்சுச்சு, மென்னா மாவு மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். அங்க மூக்கைப் பிடிச்சுக்கினு உக்காந்திருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டாரு. ரெண்டாவது வாய். மூணாவது. கத்தரிக்காய் ஒண்ணு. எதிர் மேசைக்காரர் ஃபோன்ல சத்தமா வீட்டு வாடகையைப் பத்திப் பேசிக்கினு இருந்தாரு. தணிகாசலம் மாங்காய்த் துண்டை எடுத்து, தோலோட வாயில போட்டுக் கடிச்சாரு.

புளிச்சுச்சு.

அவரு மெல்றதை நிறுத்தினாரு. மாங்காப் புளிப்பு நாக்கு ஓரத்துல கூசுச்சு, அதுக்குப் பின்னாடி உப்பு வந்துச்சு, கருவாட்டோட அந்தக் கடல் வாடை மூக்கு வழியா ஏறி வந்துச்சு, வெந்தயம் கருகின லேசான கசப்பு, நல்லெண்ணெய், ஒவ்வொண்ணா, கூட்டத்துல இருந்து வெளில வர்ற ஆளுங்க மாதிரி வந்துச்சு. எட்டு மாசமா நாக்குல எதுவும் நின்னதில்ல. அவரு வாயில இருந்ததை அப்படியே வச்சுக்கினு, போ, போன்னாரு, சத்தம் இல்லாம. அது போகல. முழுங்கினாரு. உள்ள எறங்கினது எறங்கின இடத்துலயே நின்னுச்சு. தப்பா இருக்கும்னு இன்னொரு பிடி எடுத்து, அவசர அவசரமா வாயில திணிச்சாரு, இன்னொரு பிடி, இன்னொண்ணு, ஒவ்வொரு பிடியும் முன்னைவிட ருசியா இருந்துச்சு, அவ்வளவு ருசியான குழம்பை அவரு பொறந்ததுலேர்ந்து சாப்பிட்டதில்ல, கண்ணுல தண்ணி வழிய வழிய சாப்பிட்டாரு. பசி அப்படியே இருக்கணும், எங்கியாவது ஒரு மூலையில கொஞ்சமாவது இருக்கணும்னு வயித்துக்குள்ள தேடினாரு. பசி ஒதுங்கி ஒதுங்கி, சுருங்கிச் சுருங்கி, கடைசியில ஒரு பிடியில காணாமப் போச்சு.

வயிறு நிறைஞ்சிருந்துச்சு.

ரசத்தோட வந்த சப்ளையர் அவரு முகத்தைப் பாத்துட்டு வாளியைக் கீழ வச்சுட்டாரு. ஃபோன்ல வாடகை பேசினவருகூட பேச்சைக் குறைச்சுக்கிட்டாரு. கீழ தெருவுல ஆட்டோ ஒண்ணு வந்து நின்னுச்சு, மரப்படியில செருப்புச் சத்தம் ஏறி வந்துச்சு, பாதியில நின்னுச்சு, மறுபடி ஏறிச்சு. தணிகாசலம் திரும்பிப் பாக்கல. இலையில இன்னும் ரெண்டு வாய்க்குச் சோறு இருந்துச்சு, அதைத் தொடல, மூடவும் இல்ல.

“அண்ணே”ன்னாங்க ரோஸ்லின், வாசக்கால்ல நின்னுக்கினு. மூச்சு வாங்குச்சு, இடுப்புல முந்தானையைச் செருகியிருந்தாங்க, கழுத்துல அளவு டேப்பு தொங்கினபடியே ஓடி வந்திருந்தாங்க. “அண்ணே, வாங்க.”

“வரேம்மா”ன்னு சொல்லிட்டு, குழம்புக் கையைச் சட்டையில படாம தள்ளிப் பிடிச்சுக்கினு, கழுவாமலே, அந்தப் படியில ரோஸ்லின் பின்னாடி எறங்கிப் போனாரு.